காசும் போய் வட்ஸ்அப்பும் போனால் முதலில் என்ன செய்வது?

வாசகர் கடிதம்:

நான் விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். பேஸ்புக்கில் ஓவர்லொக் மெஷின் பாதி விலைக்கு என்று விளம்பரம் வந்தது. முற்பணம் 15,000 ரூபாய் கேட்டார்கள், வங்கியில் காசு போடும் மெஷினில் போட்டேன். ஓடரை உறுதிப்படுத்த ஒரு கோட் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார் கதைத்தவர், சொன்னேன். இரண்டு நாளில் தபாலில் இருந்து என்று ஒரு மெசேஜ். முகவரி சரியில்லை, 95 ரூபாய் கட்டினால் பார்சல் வரும் என்று இருந்தது. கார்ட் இலக்கம் போட்டு, வங்கியில் இருந்து வந்த ஓடிபி இலக்கத்தையும் போட்டேன். கணக்கில் இருந்து 64,300 ரூபாய் போய்விட்டது. இப்போது என் வட்ஸ்அப்பும் திறக்குதில்லை. கனடாவில் இருக்கிற மாமாவிடம் என் பெயரில் இரண்டு இலட்சம் கேட்டிருக்கிறார்கள், அவர் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டதால் தப்பியது. மகளுக்கு மட்டும்தான் சொன்னேன், அந்தப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே என்கிறாள். கணவருக்குத் தெரியாது, எல்லாம் என் பிழை. வந்த மெசேஜ்களின் படங்களை இத்தோடு அனுப்புகிறேன். பொலிசுக்குப் போகலாமா? போனை மாற்ற வேண்டுமா? காசு திரும்ப வருமா? மெஷின் எனக்குக் கட்டாயம் வேண்டும், இனி எதை நம்பி வாங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கார்ட்டை நிறுத்தியதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதனால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். கார்ட்டின் பின்பக்கத்தில் வங்கியின் தொலைபேசி இலக்கம் அச்சடித்திருக்கும், இப்பவே அதற்கு எடுத்து கார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். 64,300 போனதோடு கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, ஏனென்றால் உங்கள் கார்ட் இலக்கமும், காலாவதித் திகதியும், பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் ஓடிபி கேட்காமலே காசு எடுக்கலாம். அடுத்த முறை மாமா அனுப்பும் காசு கணக்கில் விழுந்த உடனே அதுவும் போகலாம். இரவு நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, கார்ட்டை நிறுத்தும் இலக்கத்தில் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். எடுத்த நேரத்தையும், கதைத்தவரின் பெயரையும், அவர் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் மகளின் கொப்பியில் எழுதி வையுங்கள்.

சரி, நிறுத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு நடந்தது இரண்டு திருட்டு. முதலாவது முற்பணம், நீங்களே மெஷினில் போட்ட 15,000. இரண்டாவது கார்ட்டில் இருந்து போன 64,300. இரண்டுக்கும் போகும் வழி வேறு. பலர் ஒன்றாகக் குழப்பி ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வங்கி பதில் சொல்லவில்லை என்று ஏங்கிக்கொண்டு இருப்பார்கள்.

முற்பணத்தை எடுத்துக்கொண்டால், காசு போட்டவுடன் மெஷினில் இருந்து ஒரு துண்டு வந்திருக்கும், அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி. அது சூட்டில் எழுத்து விழும் கடதாசி, வெயில் பட்டாலும் பையில் உரசினாலும் எழுத்து மங்கிப்போகும், எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் போனில் படம் எடுங்கள். கணக்கு இலக்கம், நாள், நேரம், கிளை எல்லாம் அதில் இருக்கும். அந்தத் துண்டோடு எந்த வங்கிக் கணக்குக்குப் போட்டீர்களோ அந்த வங்கியின் கிளைக்கு நேரே போய், இது மோசடிக் கணக்கு, காசு மிச்சம் இருந்தால் நிறுத்தி வையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். போட்ட காசை அவர்கள் உடனே எடுத்திருப்பார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே கணக்குக்கு இன்னும் பத்துப் பேர் காசு போட்டுக்கொண்டு இருக்கலாம். உங்கள் முறைப்பாட்டால் கணக்கு நின்றால், மாங்குளத்திலோ மல்லாவியிலோ உங்களைப் போல ஒரு பெண்ணின் காசு தப்பும்.

கார்ட்டில் போனதற்கு உங்கள் சொந்த வங்கிக்குத்தான் எழுத வேண்டும். இந்தப் பரிவர்த்தனையை நான் மறுக்கிறேன் என்பது முதல் வரியாக இருக்கட்டும். போன தொகை, நாள், நேரம், எந்த மெசேஜை நம்பி எந்த இணைப்புக்குள் போனீர்கள், அந்தப் பக்கம் உங்களிடம் 95 ரூபாய் என்றுதான் காட்டியது என்பது எல்லாவற்றையும் சொந்த வசனத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். மெசேஜ்களைப் படமாக எடுத்து அச்சடித்து இணையுங்கள், அழித்துவிடாதீர்கள், ஆத்திரத்தில் அழித்துவிட்டுப் பிறகு கைவிரித்து நிற்பவர்கள் நிறையப் பேர். பிரதி ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஓடிபி நீங்கள்தானே போட்டீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று கவுண்டரில் வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தப் பதிலை எழுத்தில் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் திருப்தி இல்லை என்றால், அல்லது பதிலே வரவில்லை என்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலேயே பிரதேச அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏற முன்னர் அங்கே போய் வழி கேளுங்கள். வங்கி வாடிக்கையாளரைப் பாதுகாக்க 2023இல் தனியான ஒழுங்குவிதிகளே வந்திருக்கின்றன, வங்கிக்கு முதலில் முறைப்பாடு கொடுத்த அத்தாட்சி கையில் இருந்தால்தான் அடுத்த படி ஏறலாம். அதனால்தான் அந்த முத்திரையில் இவ்வளவு கண்ணாக இருக்கச் சொல்கிறேன்.

காசு வருமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். முற்பணம் வருவது கஷ்டம். கார்ட் காசுக்கு ஓரளவு வழி இருக்கிறது, அதுவும் கெதியாகச் சொன்னால். ஓடிபி போட்டிருப்பதால் வங்கி இலகுவில் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் எழுதுங்கள். எழுதாதவருக்கு எந்த வங்கியும் தானாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

பொலிசுக்குக் கட்டாயம் போங்கள். கள்ளன் கொழும்பில் இருந்தாலும் வேறு நாட்டில் இருந்தாலும் காசு போனது உங்கள் கணக்கில் இருந்துதான், ஆகவே உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலேயே முறைப்பாடு பதியலாம். கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கார்ட் மோசடிக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல, தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதான். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண் தனியாகப் போகத் தயக்கம் என்றால் கிராம அலுவலரையோ மாதர் சங்கத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டுப் பிரதியை வங்கிக் கடிதத்தோடு இணைத்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

இப்போது வட்ஸ்அப். ஓடரை உறுதிப்படுத்த என்று உங்களிடம் கேட்டு வாங்கியது உங்கள் வட்ஸ்அப்பின் கோட், அதை வைத்துத்தான் கள்ளன் தன் போனில் உங்கள் கணக்கைத் திறந்திருக்கிறான். இதை நீங்களே வீட்டில் இருந்து மீட்கலாம், போனை மாற்றத் தேவையில்லை. வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள், குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வரும், அதைப் போடுங்கள். நீங்கள் போட்ட அந்த நிமிடமே அவன் வெளியே போய்விடுவான், ஒரு இலக்கம் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பிரதான கணக்காக இருக்கலாம். சில நேரம் அதற்குப் பிறகு இன்னொரு பின் இலக்கம் (PIN) கேட்கும். நீங்கள் அப்படி ஒன்றும் போடவில்லை என்றால் அவன் போட்டது அது. பதறாதீர்கள், ஏழு நாள் பொறுத்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம், அந்த ஏழு நாளும் அவனாலும் உங்கள் கணக்கைப் பாவிக்க முடியாது. உள்ளே போனதும் மேலே இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் (ஐபோன் என்றால் அமைப்புகளில்) இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள், தெரியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். பிறகு அமைப்புகளில் இரண்டு படி சரிபார்ப்பு என்பதைத் திறந்து சொந்தமாக ஒரு பின் போடுங்கள், மீட்பதற்கு ஒரு மின்னஞ்சலும் கொடுங்கள். அந்தப் பின் மட்டும் முதலே இருந்திருந்தால், நீங்கள் கோட்டைச் சொன்ன பிறகும் அவனால் உள்ளே வந்திருக்க முடியாது. கிளிநொச்சியில் எங்கள் பயிற்சிக்கு வரும் எல்லாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான், போட்டிருப்பவர் மிகக் குறைவு.

இன்னொரு சின்ன வேலை. போனில் டயல் செய்யும் இடத்தில் *#21# என்று அழுத்துங்கள். உங்கள் அழைப்புகள் வேறு இலக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். சில கள்ளர் ஓடருக்கு இந்த இலக்கத்தை அழுத்துங்கள் என்று சொல்லி *21* என்று தொடங்கும் ஒன்றை அழுத்த வைப்பார்கள், அதோடு உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போகும், வட்ஸ்அப் கோட்டை மெசேஜில் கேட்காமல் அழைப்பில் வாங்கிக்கொள்வார்கள். திருப்பி இருந்தால் ##002# அழுத்துங்கள், எல்லாம் நீங்கும்.

மாமாவுக்கும் மற்றச் சொந்தங்களுக்கும் சொல்லும்போது வட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், குரலில் சொல்லுங்கள். உங்கள் மாமா செய்தது எவ்வளவு சரியான வேலை தெரியுமா? காசு கேட்ட அதே வழியில் பதில் எழுதாமல் அம்மாவுக்கு எடுத்துக் கேட்டார். வன்னியில் பாதி வீட்டின் அடுப்பு வெளிநாட்டுக் காசில் எரிகிறது என்பது இந்தக் கூட்டத்துக்கும் தெரியும். இங்கே ஒருவரின் கணக்கைப் பிடிப்பதே அங்கே இருக்கிற மாமா, சித்தப்பா, தங்கை ஆகியோரின் காசுக்காகத்தான். ஆஸ்பத்திரி, அவசரம், கதைக்க முடியாது, இந்தக் கணக்குக்குப் போடுங்கள் என்று எழுதுவார்கள். உங்கள் குடும்பத்துக்குள் ஒரு பழக்கத்தை இன்றைக்கே வையுங்கள். யார் அவசரமாகக் காசு கேட்டாலும் குரல் கேட்காமல் அனுப்புவதில்லை. குரலையும் போலியாகச் செய்யக்கூடிய காலம் வந்துவிட்டதால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியும் கேளுங்கள். பழைய மாட்டின் பெயர், இடப்பெயர்வில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம் என்பது மாதிரி ஏதாவது. அது எந்தக் கள்ளனுக்கும் தெரியாது.

எப்படி இது நடந்தது என்பதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களைப் பார்த்தேன், 95 ரூபாய்ப் பக்கத்துக்கு நீங்கள் போட்ட ஓடிபி வந்த மெசேஜும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ஆறு இலக்கத்துக்கு முன்னால் ஒரு வசனம், அதில் 64,300 என்று தொகை எழுதியிருக்கிறது, காசு வாங்கும் இடத்தின் பெயரும் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் தபால் திணைக்களம் இல்லை. அதாவது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் 95 என்று காட்டியது, உங்கள் வங்கி உண்மையைச் சொன்னது, ஆனால் விளங்காத மொழியில் சொன்னது. நீங்கள் இலக்கத்தை மட்டும் எடுத்துப் போட்டீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு வங்கிகள் மேல் உண்மையில் கோபம் வருகிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் கணக்குத் திறந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, அவளுடைய காசை வெளியே விடும் கடைசி அறிவித்தல் தமிழில் போக வேண்டும். உங்கள் கிளையில் கேளுங்கள், தமிழில் தரச் சொல்லி எழுதியும் கொடுங்கள். அது வரும்வரை ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஒன்று செய்யலாம். ஆறு இலக்கத்தைத் தவிர அந்த மெசேஜில் வேறு இலக்கம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். அது கார்ட்டின் கடைசி இலக்கங்களோ திகதியோ இல்லை என்றால் தொகையாக இருக்கும். நீங்கள் கட்டுவதாக நினைக்கும் தொகையும் அதுவும் ஒன்றாக இல்லை என்றால் போனைக் கீழே வையுங்கள்.

ஓடிபி என்பது வெற்றுக் காசோலையில் நீங்கள் போடும் கையெழுத்து. வட்ஸ்அப் கோட், பேஸ்புக் கோட், கூகுள் கோட், வங்கிக் கோட் எல்லாம் ஒரே இனம்தான். வாயால் யாருக்கும் சொல்வதற்கென்று ஒரு கோட்டும் வருவதில்லை. வங்கி கேட்காது, தபால்காரர் கேட்கமாட்டார், பொருள் விற்பவருக்கு அது எதற்கும் தேவையில்லை. உங்களிடம் இரண்டு நாளுக்குள் இரண்டு கோட் வாங்கியிருக்கிறார்கள், ஒன்று வாயால், ஒன்று பக்கத்தில் தட்டச்சு செய்ய வைத்து. உங்கள் போனை யாரும் உடைத்து உள்ளே வரவில்லை. போன் நல்லாத்தான் இருக்கிறது, அதனால் புதுப் போனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் அனுப்பி ஏதாவது செயலியை, ஏபிகே என்று முடியும் கோப்பை, வட்ஸ்அப்பில் இருந்து இறக்கிப் போட்டிருந்தால் கதை வேறு. அப்படியானால் அந்த போனில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முழுவதுமாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். திரையைப் பகிரும் செயலி போடச் சொல்லி யாராவது கேட்டிருந்தாலும் அதே கதைதான்.

அந்தத் தபால் மெசேஜ் நாடு முழுக்க வந்த ஒன்று, தபால் திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கிறது. தபால் திணைக்களத்தின் உண்மையான தளம் எஸ்எல்போஸ்ட் புள்ளி கவ் புள்ளி எல்கே (slpost.gov.lk) என்று முடியும். அரச நிறுவனம் என்றால் பெரும்பாலும் கடைசியில் கவ் புள்ளி எல்கே வரும், பிறகு சாய்கோடு. கள்ளப் பக்கத்தில் போஸ்ட் என்ற சொல்லும் கவ் என்ற சொல்லும் நடுவில் எங்கேயாவது இருக்கும், ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் (தொடக்கத்தில் https க்குப் பிறகு வரும் இரட்டைச் சாய்கோடு கணக்கில்லை) வேறு ஏதோ இருக்கும். பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். பூட்டுப் படம் இருக்கிறதே என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டுப் படம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும் சொல்லும், அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவர் என்று சொல்லாது. கள்ளனும் பூட்டு வாங்கலாம், இலவசமாகவே கிடைக்கிறது.

உங்கள் மற்றக் கணக்குகளைப் பற்றி ஒரு கேள்வி. உங்கள் ஜிமெயிலை யார் திறந்து தந்தது? எங்கள் பகுதியில் பலரிடம் கேட்டால் போன் வாங்கின கடைப் பொடியன் போட்டுத் தந்தவர் என்பார்கள். பாஸ்வேர்ட் என்ன என்றால் போன் பெட்டிக்குள் எழுதிக் கிடக்கும், அல்லது யாருக்கும் தெரியாது, மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் இலக்கம் இருக்கும். அந்தப் பொடியன் நல்ல பிள்ளையாக இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சல்தான் பேஸ்புக்குக்கும் மற்றச் செயலிகளுக்கும் தாய்ச் சாவி, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதுச் சாவி போய் விழுவது அங்கேதான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் மீட்பு இலக்கம் உங்களுடையதா என்று பாருங்கள், எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்றும் காட்டும், தெரியாததை வெளியேற்றி பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும், சொந்த போன் இலக்கம், இவை இரண்டும் வேண்டாம். தொடர்பில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வையுங்கள், குறுகிய சிக்கலான ஒன்றைவிட நீளமானது உடைக்கக் கஷ்டம், உங்களுக்கும் நினைவில் நிற்கும். மின்னஞ்சலுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு வேறு ஒன்று. கொப்பியில் எழுதி வீட்டில் பெட்டிக்குள் வைப்பது தவறே இல்லை, உங்களிடம் திருடுகிறவன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க வரப்போவதில்லை. இரண்டு படி சரிபார்ப்பை இரண்டிலும் போடுங்கள்.

சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மீள்குடியேறிய காலத்தில் ஒருவரின் அடையாள அட்டையில் வீட்டில் எல்லாருக்கும் சிம் எடுத்த குடும்பங்கள் இன்னும் அப்படியே பாவிக்கின்றன. சிம் தொலைந்தால், அல்லது யாராவது உங்கள் இலக்கத்தில் வேறு சிம் எடுத்தால், உங்கள் பெயரில் இல்லாத இலக்கத்தை நீங்கள் மீட்கவே முடியாது. வங்கிக்குக் கொடுத்த இலக்கம் கட்டாயம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பேஸ்புக், வட்ஸ்அப் சிக்கலுக்கு இலங்கை சேர்ட் என்ற அரச நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் எடுக்கலாம், கணக்கு மீட்பதற்கு வழி சொல்வார்கள், கட்டணம் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசு போனது என்று பேஸ்புக்கில் எழுதினீர்கள் என்றால் கீழே வந்து, நான் ஹக்கர், பத்தாயிரம் தந்தால் உங்கள் காசை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது எழுதுவார். அவரும் கள்ளனே. ஒருமுறை ஏமாந்தவரைத் தேடி வரும் இரண்டாவது கூட்டம் அது.

மெஷின் வாங்குவதைப் பற்றி. பேஸ்புக்கில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஏ9 வீதியில் இருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்கு ஒன்லைனில் வாங்குவது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தைத் திறந்து அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியைப் பாருங்கள், எப்போது தொடங்கினது, முதல் என்ன பெயரில் இருந்தது, எந்த நாட்டில் இருந்து நடத்துகிறார்கள் என்று காட்டும். போன மாதம்வரை பகிடிப் பக்கமாக இருந்து இப்போது தையல் மெஷின் விற்கிறது என்றால் விலகுங்கள். கருத்துப் போடும் இடத்தை மூடி வைத்திருந்தாலும் விலகுங்கள். விற்பவரிடம் வீடியோ அழைப்பில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு துண்டுத் துணியைத் தைத்து இன்றைய திகதியை அதில் பேனாவால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மெஷின் உள்ளவர் காட்டுவார், இல்லாதவர் கோபிப்பார். முற்பணம் தனி ஆளின் கணக்குக்கு என்றால் வேண்டாம். பொருள் வந்த பிறகு காசு என்பது நல்லது, ஆனால் பெட்டியைத் திறக்காமல் காசு கொடுத்தால் அதுவும் உத்தரவாதம் இல்லை, உள்ளே பழைய துணியும் கல்லும் வந்த கதைகள் உண்டு. ஓடர் கொடுக்காத பார்சல் வீட்டுக்கு வந்து காசு கேட்டால், வீட்டில் வேறு யாராவது ஓடர் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதிப்படுத்தும்வரை வாங்காதீர்கள். உண்மையான கடையில் வாங்கி, பொருள் சரியில்லை, திருப்பி எடுக்க மறுக்கிறார்கள் என்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம். ஆனால் ஓவர்லொக் மாதிரி ஊசியும் நூலும் பழுதும் இருக்கும் பொருளை, திருத்துகிற ஆள் பக்கத்தில் இருக்கும் கடையில் வாங்குவதே என் விருப்பம். கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ திருத்துபவரிடம் முதலில் கதையுங்கள், திருத்தி விற்கும் பழைய மெஷின்கள் அவர்களிடம் வரும்.

ஒன்லைன் தேவைக்கு ஒரு சின்னக் கணக்கு தனியாகத் திறங்கள், தேவையான காசை மட்டும் அதில் போடுங்கள். மாமாவின் காசு விழும் கணக்குக்குக் கார்ட்டே வேண்டாம், புத்தகம் போதும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள், இது எனக்கு மிகவும் கவலையான விஷயம். நீங்கள் 15,000 போட்ட கணக்கு பெரும்பாலும் கள்ளனின் சொந்தக் கணக்காக இருக்காது. வேலை இல்லாத ஒரு பொடியனிடமோ கஷ்டப்பட்ட ஒரு பெண்ணிடமோ, உங்கள் கணக்கையும் ஏரிஎம் கார்ட்டையும் தாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம் என்று வாங்கியிருப்பார்கள். வீட்டில் இருந்து வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் சேர்ப்பவர்களும் கடைசியில் கணக்கைத்தான் கேட்பார்கள். பொலிஸ் வரும்போது கணக்கில் இருக்கும் பெயர்தான் முதலாம் சந்தேகநபர், பின்னால் இருந்து நடத்தியவன் எங்கேயோ இருப்பான். வேலை கிடைக்குமா என்று அலையும் எங்கள் பிள்ளைகளைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள். கணக்கை வாடகைக்குக் கேட்கும் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மகளையும் வைத்துக்கொண்டு, படங்களைக் காட்டிச் சொல்லுங்கள். உங்கள் பிழை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை, படித்த உத்தியோகத்தர்களும் இதே 95 ரூபாய்ப் பக்கத்தில் கார்ட் இலக்கம் போட்டிருக்கிறார்கள். மறைத்தால் நாளைக்கு அவருடைய போனுக்கும் இதே மெசேஜ் வரும், அவருக்குத் தெரியாது. அதோடு பொலிசுக்கும் வங்கிக்கும் இரண்டு மூன்று தரம் அலைய வேண்டி வரும், அதைத் தனியாகச் செய்ய முடியாது. முறைப்பாட்டு இலக்கமும் வங்கியின் எழுத்துப் பதிலும் கைக்கு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கார்ட் இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். மத்திய வங்கிக்கு எழுத வேண்டி வந்தால் அந்தக் கடிதத்தை நான் தமிழில் எழுதித் தருகிறேன்.